திருட்டுப் பழியும் தற்காப்பு உரிமையும்

ஒரு சமுதாயத்தின் வரலாறு கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் மட்டும் எழுதப்பட்டிருப்பதன்று. காவல் நிலையப் பதிவேடுகளிலும் நீதிமன்றக் கட்டுகளிலும் அது எழுதப்பட்டிருக்கிறது. நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட மக்களைப் பொறுத்தவரை, கல்வெட்டில் நம் பெயர் அரிதாகவே காணப்படும். குற்றப் பதிவேட்டிலோ அது தாராளமாகக் காணப்படும். அப்பெயர் அங்கே எவ்வாறு ஏறிற்று, அதை நீக்குவதற்கு எத்தகைய வழிகள் பிறந்தன என்பதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். அதுவே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இராசபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். இராசபாளையத்தில் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றமும் அமர்வு நீதிமன்றமும் மாவட்டத் தலைநகரில் இல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூரில் அமைந்துள்ளன. பஞ்சாலை வேலைக்கும் மாந்தோப்புக் காவலுக்கும் வயல் வேலைக்கும் செல்லும் நம் மக்களுக்கு இந்த 12 கிலோமீட்டர் பழகிய வழி. ஆனால் கைவிலங்குடன் அவ்வழியே செல்லும்போது அது மிக நீண்ட வழியாகிவிடும். “ஆலைக்குப் போனவன் திரும்பவில்லை, திருட்டுக் கேசில் பிடித்துப் போய்விட்டார்களாம்” என்ற செய்தி ஒரு குடும்பத்தை வந்தடையும்போது, அக்குடும்பம் முதலில் இழப்பது மானம், அடுத்து இழப்பது கூலி, இறுதியில் இழப்பது நம்பிக்கை. இம்மூன்றையும் காக்கும் கருவி சட்ட அறிவே.

தொழுக்கட்டை நாள்கள்

பண்டைக்கால ஊர்களில் ‘காவல்’ என்றொரு முறை நிலவியது. ஊர்க் காவலை ஏற்றவர்கள் அதற்கெனக் கூலி பெற்றனர். களவு போன மாட்டை மீட்டுத் தருவதற்குத் ‘துப்புக்கூலி’ கேட்கும் வழக்கமும் தென்பாண்டி நாட்டில் இருந்தது. தலையாரி, வெட்டியான் ஆகிய சிறு ஊழியங்களைப் பல ஊர்களில் நம் முன்னோர் செய்து வந்தனர். ஊரின் பயிரையும் களத்து நெல்லையும் இரவெல்லாம் காத்தவர்களுள் நம்மவர் இருந்தனர் என்பது ஒரு பக்கம். களத்தில் ஒரு மரக்கால் நெல் குறைந்தால் முதலில் ஐயுறப்பட்டவர்களும் நம்மவரே என்பது மறுபக்கம்.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆட்சிக்கு வந்ததும், கிராமத் தலைவருக்கு நீதி வழங்கும் சிறு அதிகாரங்களை எழுத்து மூலமாகவே வழங்கினர். சென்னை மாகாணத்து 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் அவற்றுள் முதன்மையானது. வசைமொழி, சிறு கைகலப்பு போன்ற அற்பக் குற்றங்களுக்குத் தண்டனை வழங்கும் அதிகாரத்தை அது கிராமத் தலைவருக்கு அளித்தது. குற்றவாளி ‘தாழ்ந்த சாதியார்’ ஆயின், அவரை ஆறு மணி நேரம் வரை தொழுக்கட்டையில் மாட்டி வைக்கலாம் என அச்சட்டம் கூறிற்று. பிறரை அவ்வாறு இழிவுபடுத்தலாகாது என்பது அதன் உட்பொருள். 1821ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வதிகாரத்தைச் சிறு திருட்டுகளுக்கும் நீட்டித்தது.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது தண்டனையின் அளவையன்று, விசாரணையின் தன்மையையே. பொருளைப் பறிகொடுத்ததாகச் சொல்பவர் நிலவுடைமையாளர். விசாரிப்பவர் அவருடைய உறவினராகவோ நண்பராகவோ இருக்கும் கிராமத் தலைவர். சாட்சி சொல்பவர் அந்நிலத்திலேயே கூலி பெறுபவர். குற்றஞ்சாட்டப்பட்டவருக்காகப் பேச எவருமில்லை. ‘நான் எடுக்கவில்லை’ என்ற சொல்லைத் தவிர அவரிடம் வேறு தற்காப்பு இல்லை. அச்சொல்லுக்கோ அக்காலத்தில் மதிப்பில்லை. ஒரே குற்றத்திற்குச் சாதி பார்த்துத் தண்டனை வழங்கும் முறை மனுவின் காலத்தோடு முடிந்துவிட்டதென எண்ணுவோர், கம்பெனியாரின் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தல் நலம்.

சட்டத்தின் சொற்கள்

1860ஆம் ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்தின் எழுத்தளவில் சாதி வேற்றுமை ஒழிந்தது. அச்சட்டம் களவுக் குற்றங்களைப் படிப்படியாக வகுத்தது. பிறர் பொருளை அவர் இசைவின்றி நேர்மையற்ற எண்ணத்தோடு அகற்றுதல் திருட்டு. அத்திருட்டின்பொருட்டு ஒருவரை அடித்தாலோ, தடுத்து வைத்தாலோ, உடனடித் தீங்கு நேருமென அச்சுறுத்தினாலோ அது கொள்ளை. ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடிச் செய்தால் அது கூட்டுக்கொள்ளை. இரவில் பூட்டை உடைத்தோ, சுவரில் கன்னமிட்டோ வீட்டினுள் நுழைதல் தனிக் குற்றம்.

சொற்கள் மாறுவதற்கேற்பத் தண்டனையும் மாறுகிறது. எளிய திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை. குடியிருக்கும் வீட்டில் திருடினால் 7 ஆண்டு வரை. கொள்ளைக்கு 10 ஆண்டு வரை. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நெடுஞ்சாலையில் நிகழ்ந்தால் 14 ஆண்டு வரை. கூட்டுக்கொள்ளைக்கு ஆயுள் தண்டனையும் உண்டு. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இவ்வளவுகள் பெரிதும் அப்படியே உள்ளன. திருட்டு 303ஆம் பிரிவு, வீட்டுத் திருட்டு 305ஆம் பிரிவு, கொள்ளை 309ஆம் பிரிவு, கூட்டுக்கொள்ளை 310ஆம் பிரிவு, இரவில் வீடு புகுதல் 331ஆம் பிரிவு என எண்களே மாறியுள்ளன. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடியவர் அதைத் திருப்பித் தந்தால் சமுதாயப் பணியே தண்டனை என்பது புதிதாகச் சேர்ந்த நல்ல மாற்றம்.

ஆகவே, முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்பது உயிர்நிலையான கேள்வி. கைகலப்பின்போது கீழே விழுந்த கைக்கடிகாரம் ‘கொள்ளை’ ஆகலாம். கூலி கேட்கச் சென்ற ஆறு பேர் ‘கூட்டுக்கொள்ளையர்’ ஆக எழுதப்படலாம். ஊர்த் தகராறுகளில் இத்தகைய பிரிவுகள் சேர்க்கப்படுவது நாடறிந்த செய்தி. இங்கேதான் வழக்கறிஞரின் முதல் பணி தொடங்குகிறது. வன்முறை பொருளைக் கவர்வதன்பொருட்டு நிகழ்ந்ததா, அன்றி வேறு சச்சரவில் நிகழ்ந்ததா? உண்மையில் எத்தனை பேர் இருந்தனர்? நேர்மையற்ற எண்ணம் மெய்ப்பிக்கப்பட்டதா, அன்றி அப்பொருளின்மேல் அவருக்கு உரிமை உண்டென்ற நம்பிக்கை இருந்ததா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே தற்காப்பு.

நம் வட்டாரத்தின் பழைய நினைவு ஒன்று இதனை விளக்கும். 1899 சூன் 6ஆம் நாள் சிவகாசி சூறையாடப்பட்டது. அக்காலத்தில் இவ்வட்டாரம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1910ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தது. அக்கலவரத் தொடரில் ஏறத்தாழ 2,000 பேர் கைதாயினர். 500க்கு மேற்பட்டோர் தண்டனை பெற்றனர். கூட்டமாகக் கைதானவர்களுள் நான்கில் ஒருவர்மீதே குற்றம் நின்றது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. கூட்டத்தில் நின்றவன் வேறு, கொள்ளையிட்டவன் வேறு என்று பிரித்துக் காட்டுவது தற்காப்பின் பழமையான கடமையாகும்.

கைரேகைச் சட்டம்

தனி மனிதனைக் குற்றவாளி என்பது ஒரு முறை. ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளி என்பது அதனினும் கொடிய முறை. 1871ஆம் ஆண்டில் வடநாட்டில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. நம் மக்கள் அதனைக் ‘கைரேகைச் சட்டம்’ என்றே வழங்கினர். அறிவிக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் கைரேகை பதிய வேண்டும். குறித்த நேரத்தில் காவல் நிலையத்திலோ கிராமத் தலைவரிடமோ முகங்காட்ட வேண்டும். பிறமலைக் கள்ளர், மறவருள் ஒரு பகுதியார், வலையர், குறவர், தொட்டிய நாயக்கர் முதலியோர் இச்சட்டத்தின் பிடியில் அகப்பட்டனர். ஆதிதிராவிடரும் தப்பவில்லை, வேப்பூர்ப் பறையர் என்னும் பிரிவினரும் அப்பட்டியலில் இடம்பெற்றனர்.

இச்சட்டம் தற்காப்பின் வேரையே வெட்டிற்று. அரசின் அறிவிப்பு செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்கலாகாது என அது விதித்தது. அறிவிக்கப்பட்ட சாதியார் ஒருவர் கொள்ளை, கன்னக்களவு போன்ற குற்றங்களில் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் 7 ஆண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறையாயின் ஆயுட்காலத் தீவாந்தரம். திருடுவதற்கு வாய்ப்புத் தேடி நின்றார் எனத் தோன்றும் நிலையில் அகப்பட்டாலே 3 ஆண்டு வரை சிறையில் அடைக்கலாம். அஃதாவது, ‘என்ன செய்தாய்?’ என்ற கேள்வி மறைந்து, ‘நீ யார்?’ என்ற கேள்வியே தீர்ப்பாயிற்று.

1920 ஏப்ரல் 3ஆம் நாள் உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில், கைரேகை பதிய மறுத்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினைந்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். அம்மக்களுக்கும் நம் மக்களுக்கும் ஊர்தோறும் பூசல்கள் இருந்ததுண்டு. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், பிறப்பால் ஒருவன் திருடன் என்பதும் பிறப்பால் ஒருவன் தீண்டத்தகாதவன் என்பதும் ஒரே நச்சு மரத்தின் இரு கிளைகள் என்பதை நாம் மறத்தலாகாது.

ரோசாப்பூ துரை

இக்கொடுமைக்கு எதிராக மதுரையில் வழக்காடியவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். 1887ஆம் ஆண்டில் செங்கன்னூரில் பிறந்து, லண்டனில் சட்டம் பயின்று, மதுரையில் தொழில் நடத்திய இவர், கைரேகைச் சட்டத்தில் சிக்கிய எளிய மக்களுக்காக நீதிமன்றங்களில் வாதாடினார். ஏடுகளில் அச்சட்டத்தைக் கண்டித்து எழுதினார். சட்டையில் ரோசாப்பூ செருகிவந்த இவரை அம்மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று அன்போடு அழைத்தனர். தம் பிள்ளைகளுக்கும் ‘ரோசாப்பூ’ எனப் பெயரிட்டனர். 1918ஆம் ஆண்டளவில் மதுரையில் ஆலைத் தொழிலாளர் சங்கம் அமைத்த பணியிலும் இவருக்குப் பங்குண்டு. 1924ஆம் ஆண்டில் நம்மவர் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் நிகழ்ந்த அறப்போரிலும் இவர் முன்னின்றார். 1938ஆம் ஆண்டில் மறைந்தார்.

ஒரு வழக்கறிஞரின் பெயரை ஒரு மக்கள் கூட்டம் தம் குழந்தைகளுக்கு இட்டது ஏன்? செல்வம் தந்தார் என்பதற்காக அன்று. பதவி தந்தார் என்பதற்காகவும் அன்று. ‘இவன் திருடன்’ என்று ஊரும் அரசும் ஒருங்கே சொன்னபோது, ‘மெய்ப்பித்துக் காட்டுங்கள்’ என்று எழுந்து நின்று கேட்டார் என்பதற்காகவே.

சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. இந்தியா முழுவதற்குமாக 1952 ஆகஸ்டு 31ஆம் நாள் அது ஒழிந்தது. ஆயின் அதன் நிழல் எளிதில் அகலவில்லை. 1948ஆம் ஆண்டிலேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. காவல் நிலையப் பதிவேட்டிலிருந்து ‘கேடி’ என்னும் இரண்டெழுத்து நம் தெருப்பேச்சிலும் வந்து புகுந்தது. ஒருமுறை அப்பதிவேட்டில் ஏறியவர், அதன்பின் எங்கே பூட்டு உடைந்தாலும் அழைக்கப்பட்டார். சிறைகளில் சாதி வேற்றுமையைக் கண்டித்து 2024 அக்டோபர் 3ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளெனக் கருதும் சிறை விதிகளைச் செல்லாதவையென அறிவித்தது. கைரேகைச் சட்டம் ஒழிந்து 70 ஆண்டுகளுக்குப் பின்னரும் இத்தகைய தீர்ப்பு தேவைப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

அண்ணல் அம்பேத்கரும் 22ஆம் உறுப்பும்

நம் அண்ணல் அரசியலமைப்பின் சிற்பி என்பதை நாம் மேடைதோறும் கூறுகின்றோம். அச்சிற்பி செதுக்கிய ஒரு சிறு பகுதி, கைதாகும் ஒவ்வொருவனுக்கும் கவசமாக நிற்பதைக் கூற மறந்துவிடுகின்றோம்.

உயிருக்கும் உரிமைக்கும் காப்பளிக்கும் உறுப்பு விவாதிக்கப்பட்டபோது, ‘சட்டம் வகுத்த நடைமுறை’ இருந்தால் போதும் என அரசியல் நிர்ணய சபை முடிவு செய்தது. அப்படியானால் சட்டமன்றம் எத்தகைய கொடிய நடைமுறையையும் வகுக்கலாமே என்ற அச்சம் பலருக்கு எழுந்தது. அக்குறையை ஓரளவேனும் ஈடுசெய்யும் பொருட்டு, 1949 செப்டம்பர் 15ஆம் நாள் அண்ணல் ஒரு புதிய உறுப்பைச் சபையில் முன்மொழிந்தார். அதுவே இன்று 22ஆம் உறுப்பாக விளங்குகிறது. கைதானவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து அவர் வாயிலாகத் தற்காத்துக்கொள்ளும் உரிமை மறுக்கப்படலாகாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்தப்பட வேண்டும். இம்மூன்றும் அதன் சாரம். எவரும் தமக்கு எதிராகத் தாமே சாட்சியாகுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்பதை 20ஆம் உறுப்பு கூறுகிறது.

தொழுக்கட்டையில் மாட்டப்பட்ட ஒருவனுக்கு வழக்கறிஞர் இல்லை, காரணம் சொல்லப்படவில்லை, மேலே சென்று முறையிட இடமில்லை. அத்தொழுக்கட்டைக்கு நேர் மறுமொழி இந்த 22ஆம் உறுப்பு. அதனை முன்மொழிந்தவர் தீண்டாமைக் கொடுமையைத் தம் உடலாலும் உள்ளத்தாலும் அறிந்தவர்.

ஏழைக்கும் வழக்கறிஞர்

உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் வேண்டுமே! இக்குறையைப் போக்கும் வரலாறு 1976ஆம் ஆண்டில் 39-அ உறுப்பு அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டதிலிருந்து விரைவு பெற்றது. 1978ஆம் ஆண்டில் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்சநீதிமன்றத்திற்கு வந்தது. அவருக்கு ஜாமீன் வழங்கிய நடுவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். வேறு மாவட்டத்தார் என்பதற்காக அவருடைய சகோதரரின் ஜாமீனை ஏற்க மறுத்தார். ஏழைக்கு எட்டாத தொகையைக் கேட்பது ஜாமீனை மறுப்பதற்கு ஒப்பாகும் என்பதை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அவ்வழக்கில் உணர்த்தினார்.

1979ஆம் ஆண்டில் ஹுசைனாரா காத்தூன் வழக்கு வாயிலாகப் பீகார்ச் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் விசாரணையின்றிக் கிடந்தோரின் நிலை வெளிவந்தது. விரைவான விசாரணையும் இலவச சட்ட உதவியும் உயிர் உரிமையின் பகுதிகளென நிலைநாட்டப்பட்டன. 1981ஆம் ஆண்டில் பாகல்பூர் வழக்கில், நடுவர்முன் முதன்முதல் நிறுத்தப்படும் நாளிலிருந்தே அரசு செலவில் வழக்கறிஞர் தரப்பட வேண்டும் என உச்சநீதிமன்றம் கூறிற்று. 1986ஆம் ஆண்டில் சுக் தாஸ் வழக்கில், சட்ட உதவி பெறும் உரிமை தெரிவிக்கப்படாமல், வழக்கறிஞரின்றி நடந்த விசாரணையில் விதித்த தண்டனை நிலைக்காது எனத் தீர்ப்பளித்தது. கேட்கத் தெரியாதவனுக்கும் உரிமை உண்டு என்பதே இத்தீர்ப்பின் பெருமை.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு எதுவுமின்றி இலவச சட்ட உதவி உண்டு. பெண்களுக்கும் சிறுவர்க்கும் காவலில் உள்ளோர்க்கும் அவ்வாறே. ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை நம் மக்கள் அணுகலாம். 15100 என்ற எண்ணில் கட்டணமின்றித் தொலைபேசியிலும் கேட்கலாம். 2004 சூலை மாதம் மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை திறக்கப்பட்டபின், மேல்முறையீட்டுக்கும் ஜாமீனுக்கும் சென்னை வரை செல்லும் சுமையும் குறைந்தது.

ஒரு பெண்ணின் வழக்கு

1993 மார்ச் மாதம். அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து முதனை என்னும் ஊரைச் சேர்ந்த குறவர் சமுதாயக் கூலித் தொழிலாளி ராஜாகண்ணு, ஒரு வீட்டில் நகை திருடுபோன புகாரின்பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டார். அவர் குடும்பத்தாரும் அடித்துத் துன்புறுத்தப்பட்டனர். பின்னர் அவர் தப்பியோடிவிட்டதாகக் காவலர் கூறினர். அவர் மனைவி பார்வதி அதனை நம்பவில்லை. எழுத்தறிவோ செல்வமோ செல்வாக்கோ இல்லாத அப்பெண்மணி, பொதுவுடைமைக் கட்சித் தோழர்களின் துணையோடு சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். அவருக்காக வாதாடியவர் வழக்கறிஞர் கே. சந்துரு, பிற்காலத்தில் அதே உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கியவர்.

விசாரணை வளர வளர, ராஜாகண்ணு தப்பியோடவில்லை, காவலில் அடிபட்டு மாண்டார், அவர் உடல் அடுத்த மாவட்டத்து எல்லையில் கிடந்தது என்ற உண்மை வெளிப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பின், குற்றமிழைத்த காவலர்கள் தண்டனை பெற்றனர். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஜெய் பீம்’ திரைப்படம் இந்நிகழ்ச்சியைத் தழுவியதாகும்.

ஒரு திருட்டுப் புகாருக்கும் ஒரு மனிதனின் சாவுக்கும் இடையே இருந்தது சில நாள்களே. அந்நாள்களுக்குள் அவர் நடுவர்முன் நிறுத்தப்பட்டிருந்தால், ஒரு வழக்கறிஞர் அக்காவல் நிலையத்தின் படியேறியிருந்தால், இவ்வரலாறு வேறாக இருந்திருக்கும். பார்வதி அம்மையார் பெற்ற வெற்றி பெரிது. ஆயின் அது கணவனை மீட்டுத் தரவில்லை. எனவே, தற்காப்பு முதல் நாளிலேயே தொடங்குதல் வேண்டும்.

சான்றுகளை உரைத்துப் பார்த்தல்

களவு வழக்குகளை அரசுத் தரப்பு பெரும்பாலும் மூன்று தூண்களின்மேல் நிறுத்துகிறது: வாக்குமூலம், மீட்கப்பட்ட பொருள், அடையாளம். இம்மூன்றையும் உரைத்துப் பார்ப்பதே எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் வேலை.

காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்பது 1872ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டம் முதல் இன்றைய பாரதிய சாட்சிய அதினியம் 23ஆம் பிரிவு வரை மாறாத விதி. அடித்தால் எவனும் எதையும் ஒப்புக்கொள்வான் என்பதை அன்னிய ஆட்சியாளரே அறிந்திருந்தனர். இதற்கு ஒரு விலக்கு உண்டு: அவ்வாக்குமூலத்தின் பயனாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அக்கண்டுபிடிப்போடு நேர்த்தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும். இவ்விலக்கின் எல்லையை, சென்னை மாகாணத்துக் குண்டூர்ப் பகுதியில் எழுந்த புளுகுரி கோட்டய்யா வழக்கில், நாடு விடுதலை பெறும் தறுவாயில் லண்டன் பிரிவி கவுன்சில் வரையறுத்தது. ‘நான் ஒளித்து வைத்த இடத்தைக் காட்டுகிறேன்’ என்பது ஏற்கப்படலாம். ‘நான் திருடினேன்’ என்பது ஏற்கப்படாது.

மீட்கப்பட்ட பொருளைப் பொறுத்தவரை, களவு நடந்த சிறிது காலத்திற்குள் அது ஒருவரிடம் இருந்து, அவர் தக்க விளக்கம் தராவிடில், அவரே திருடினார் அல்லது திருட்டுப் பொருளென அறிந்தே பெற்றார் என நீதிமன்றம் ஊகிக்கலாம். ஆகவே மகஜரில் கையெழுத்திட்ட சாட்சிகள் யார், அவர்கள் அவ்விடத்தில் இருந்தனரா, அப்பொருள் புகார் கூறியவருடையதுதான் என எதைக் கொண்டு அறியப்பட்டது எனக் கேட்க வேண்டும். சோதனையும் கைப்பற்றுதலும் ஒலி-ஒளிப் பதிவு செய்யப்பட வேண்டும் என இன்றைய குற்ற விசாரணைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு கூறுகிறது. அப்பதிவைக் கேட்டுப் பெறுதல் தற்காப்பின் கடமை.

அடையாளம் மிகவும் ஏமாற்றக்கூடியது. இருளில், அச்சத்தில், சில நொடிகள் கண்ட முகத்தை மனிதர் தவறாகக் கொள்வதுண்டு. அடையாள அணிவகுப்பு நடுவர் முன்னிலையில், ஒத்த தோற்றமுடையோரிடையே, காலந்தாழ்த்தாது நடக்க வேண்டும். அதற்கு முன் சாட்சிக்கு முகத்தையோ படத்தையோ காட்டியிருந்தால் அதன் மதிப்பு குன்றிவிடும். மகாராட்டிரத்தில் 2003ஆம் ஆண்டில் நிகழ்ந்த கொடிய கொள்ளை, கொலை வழக்கு ஒன்றில் நாடோடிச் சமுதாயத்தைச் சேர்ந்த ஆறு ஏழைகளுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. 2019 மார்ச் 5ஆம் நாள் அதே உச்சநீதிமன்றம் வழக்கை மீண்டும் ஆராய்ந்து ஆறு பேரையும் விடுதலை செய்தது. நேரில் கண்ட சாட்சி, காவல்துறையின் படத்தொகுப்பிலிருந்து முதலில் வேறு நால்வரையே சுட்டியிருந்தார், அந்நால்வர்பற்றி விசாரிக்கப்படவேயில்லை. ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரப்பட்டது. இழந்த இளமைக்கு அது ஈடாகுமா?

நாம் செய்ய வேண்டுவன

முதலாவதாக, கைதானவரின் குடும்பத்தார் உடனே அறிய வேண்டியவை: எந்தக் காவல் நிலையம், எந்தக் குற்ற எண், எந்தப் பிரிவு. கைதின் காரணத்தை அறியவும், உறவினருக்குச் செய்தி அனுப்பவும், விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கவும், மருத்துவப் பரிசோதனை பெறவும் சட்டம் உரிமை தந்திருக்கிறது. நடுவர்முன் நிறுத்தப்படும்போது, அடிபட்டிருப்பின் அதனை அவரிடமே அஞ்சாது கூற வேண்டும்.

இரண்டாவதாக, 60 நாளுக்குள், பெருங்குற்றமாயின் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிடில் ஜாமீன் பெறுவது உரிமையாகும். மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாகப் பிற குற்றங்களில், முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர் உச்ச அளவுத் தண்டனையின் மூன்றிலொரு பங்குக் காலத்தைச் சிறையில் கழித்துவிட்டால், 479ஆம் பிரிவின்படி விடுதலை கோரலாம். அவர்மீது வேறு வழக்கும் நிலுவையிலிருந்தால் இச்சலுகை கிட்டாது. 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோரில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகளே என்பதை நினைவிற்கொள்க.

மூன்றாவதாக, நிகழ்ச்சி நடந்த நேரத்தில் வேறிடத்தில் இருந்தவர் அதற்குரிய சான்றை உடனே திரட்ட வேண்டும். ஆலையின் வருகைப் பதிவு, மருத்துவமனைச் சீட்டு, கடையின் ஒளிப்பதிவு ஆகியவை சில நாள்களில் அழிந்துபடும்.

நான்காவதாக, நம்மவர்மீது வேண்டுமென்றே பொய் வழக்குத் தொடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1) பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். உண்மையான பொய் வழக்குக்கே இதனைப் பயன்படுத்துதல் வேண்டும்; அப்போதுதான் அச்சட்டத்தின் வலிமை குன்றாது.

ஐந்தாவதாக, ஒன்றை ஒளிவுமறைவின்றிக் கூற விழைகின்றேன். தற்காப்பு என்பது திருட்டை ஆதரிப்பதன்று. பறிகொடுத்தவரும் பெரும்பாலும் ஏழையே. அவருக்கும் நீதி உண்டு. நம் பிள்ளைகளுள் ஒருவன் வழி தவறியிருப்பின், அவனைத் திருத்துதல் நம் கடன். ஆயினும் அவனும் சட்டப்படி விசாரிக்கப்பட வேண்டும். செய்த குற்றத்தின் அளவே தண்டனை பெற வேண்டும். அவன் குற்றத்திற்கு அவன் தெருவோ சாதியோ பொறுப்பாகலாகாது.

கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளி விழா மலரில் கொள்ளை வழக்கைப்பற்றி எழுதுவானேன் எனச் சிலர் கேட்கலாம். விடை எளிது. தொழுக்கட்டையில் நின்ற நம் முன்னோனுக்கு அன்று தேவைப்பட்டது ஒரே ஒரு படித்த குரல். மதுரையில் ஒரு ஜார்ஜ் ஜோசப் அயலிலிருந்து வந்து அக்குரலைத் தந்தார். முதனைப் பார்வதிக்குச் சென்னை வழக்கறிஞர் ஒருவர் தந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் அக்குரல் நம் தெருவிலிருந்தே எழ வேண்டும்.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் உருவாக்கும் பொறியாளரையும் மருத்துவரையும் கண்டு நாம் மகிழ்வோம். அவர்களோடு, கறுப்பு அங்கி அணிந்து ‘மெய்ப்பித்துக் காட்டுங்கள்’ என்று கேட்கும் இளைஞரும் இளம்பெண்களும் ஊருக்கு ஒருவரேனும் எழட்டும். அந்நாளில், கைவிலங்கோடு இராசபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் நம் பிள்ளை தனியே செல்லமாட்டான்.